ஒரு காமிராக் கேள்வியின் சரித்திரம்

நண்பர் ஒருவர் கேட்டார். கோயில் தூண்களைப் பற்றி இருபது வருஷமாக எழுதிவருபவர். எழுதியதில் பாதிக்கு மேல் இன்னும் அச்சேறவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு காமிரா வாங்க நினைக்கிறார். ஒதுக்கிய தொகைக்கு இரண்டில் ஒன்றுதான் வரும். ஒன்று, தோள்பையின் ஓரத்தில் அடங்கிவிடுகிற சூப்பர்ஜூம். லென்ஸைக் கழற்ற முடியாது, கழற்றத் தேவையுமில்லை. மண்டபம் முழுவதையும் எடுத்த அதே இடத்தில் நின்றபடி கோபுரத்தின் ஏழாம் நிலையிலுள்ள சுதையின் மூக்குத்தியை எடுத்துவிடலாம். மற்றது, ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ். எண்ணெய் விளக்கு ஒன்றே எரிகிற பிராகாரத்திலும் கருங்கல் கருங்கல்லாகவே பதியும். ஆனால் லென்ஸ் தனி, அதன் விலை தனி, கிட்டத்துக்கு ஒன்று தூரத்துக்கு ஒன்று என்று செலவு முடியவே முடியாது. "எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்றார்.

கடைக்காரர் இதற்கு ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லிவிடுவார். எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. கேள்வி பொருளைப் பற்றியது மட்டுமல்ல என்ற சந்தேகம் முதல் நாளே வந்துவிட்டது. அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது ஒரு சொல்: ஃபுல். முழுச் சட்டம் என்கிறார்கள். எதற்கு எதிராக முழுமை? அந்தச் சட்டத்தின் அளவு 24க்கு 36 மில்லிமீட்டர். பெரிய தபால்தலை ஒன்றின் அளவு. இதை முழுமை என்று சொல்ல ஒரு சரித்திரம் வேண்டும்; அது இருக்கிறது.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். 1857 டிசம்பரில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரர் என்ற பதவியோடு, மாட்டுவண்டிகளில் உபகரணங்களை ஏற்றிக்கொண்டு தெற்கே பயணம் புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர். அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகடிவ். ஏறத்தாழ ஓர் அடிக்கு ஒன்றேகால் அடி. அந்தக் காலத்தில் நெகடிவைப் பெரிதாக்கி அச்சிடும் பழக்கம் இல்லை. நெகடிவைக் காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டுவார்கள். எனவே படம் எவ்வளவு பெரிதோ நெகடிவும் அவ்வளவு பெரிது, காமிரா அதைவிடப் பெரிது. பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். தப்பிக்க வழி கிடையாது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடுகிற ராஜராஜன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை எடுக்க ட்ரைப் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. ஒரே சட்டத்தில் அது வராது. எட்டி நின்றால் எழுத்து தெரியாது. கிட்டப் போனால் ஒரு துண்டுதான் தெரியும். அவர் கிட்டப் போனார். பெட்டியை நகர்த்தி நகர்த்தி வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக 21 படங்கள். அவற்றை ஒட்டிச் சேர்த்தால் 19 அடி நீளம். கல்வெட்டைப் படிக்கிறவன் எப்படிச் சுவரோடு நடப்பானோ அப்படி நடந்து எடுத்திருக்கிறார். ஆளைக் காட்டுகிற படங்கள் அவர் தொகுப்பில் மிகக் குறைவு. காகித நெகடிவின் மந்தத்துக்கு ஆள் அசையாமல் நிற்கமாட்டான், கல் நிற்கும். கவர்னராக வந்த ட்ரெவெல்யன் 1859-ல் இந்த வேலையை, அரசாங்கக் கஜானா இருக்கிற நிலையில் தாங்க முடியாத ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். காமிரா வாங்குகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ட்ரெவெல்யன் இருப்பார். நண்பர் வீட்டிலும் இருக்கிறார்.

இந்தப் பாரத்தை இறக்கிவைத்தவர் மூச்சு முட்டுகிற ஒரு மெக்கானிக். ஓஸ்கார் பார்னாக். 1879-ல் பிறந்தவர், ஆஸ்த்மாக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பக்கம் நடக்கப் போகிற ஆசை உண்டு. கண்ணாடித் தட்டுகளையும் பெட்டியையும் முக்காலியையும் சுமக்க நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. 1911-ல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில், நுண்ணோக்கிகள் செய்கிற லைட்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் கையில் கிடைத்தது சினிமா ஃபிலிம். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்ஸன் என்பவர் ஈஸ்ட்மனின் 70 மில்லிமீட்டர் ஃபிலிமை நெடுக்குவாட்டில் இரண்டாகக் கிழித்ததால் வந்த 35 மில்லிமீட்டர் சுருள். சினிமாவில் அது மேலிருந்து கீழாக ஓடும். ஒரு சட்டத்துக்கு நான்கு ஓரத்துளைகள், 18க்கு 24 மில்லிமீட்டர். பார்னாக் சுருளைப் படுக்கவைத்து, எட்டுத் துளைகளை ஒரு சட்டமாக எடுத்துக்கொண்டார். 24க்கு 36. சினிமாச் சட்டம் இரண்டைச் சேர்த்தால் வருவது. இன்றைக்கு நாம் முழுமை என்று கொண்டாடுகிற அளவு ஒருவர் கையில் கிடைத்த சுருளை இரட்டித்ததால் வந்தது. அதற்கு அழகியல் காரணம் தேடுகிறவர்கள் தேடட்டும்.

முதல் மாதிரி 1914-க்குள் தயாராகிவிட்டது. யுத்தம் வந்தது, போயிற்று. 1920-ல் வெட்ஸ்லாரில் வெள்ளம் வந்தபோது பார்னாக் தெருவில் இறங்கி எடுத்த படங்கள் இருக்கின்றன. தண்ணீரில் பாதி மூழ்கிய தெரு, ஓரத்தில் நிற்கிற ஜனங்கள். முக்காலியோடு போயிருந்தால் அவர் அங்கே ஒரு புகைப்படக்காரராகத் தெரிந்திருப்பார். கையடக்கப் பெட்டியோடு போனதால் ஊர்க்காரர்களில் ஒருவராகவே நிற்க முடிந்தது. இந்த வித்தியாசத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பணவீக்கத்தில் ஜெர்மனி நொறுங்கிப்போயிருந்த நேரத்தில், ஆலோசகர்கள் வேண்டாம் என்றும் கேளாமல், 1924-ல் எர்ன்ஸ்ட் லைட்ஸ் இந்தக் காமிராவைச் செய்து விற்பதென்று முடிவெடுத்தார். 1925 வசந்தத்தில் லைப்ஸிக் சந்தையில் லைக்கா என்ற பெயரோடு வெளிவந்தது. தொழில்காரர்கள் சிரித்தார்கள். பொம்மை என்றார்கள். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த வகைப்பெயரே மினியேச்சர் என்பது. அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் ஐம்பதுகள் வரை நான்கு அங்குலத்துக்கு ஐந்து அங்குல ஃபிலிம் போடுகிற ஸ்பீட் க்ராஃபிக்கைத் தூக்கிக்கொண்டுதான் அலைந்தார்கள். அவர்கள் சிரிப்பில் நியாயம் இருந்தது. தபால்தலையைப் பெரிதாக்கினால் பொரி தெரியும், கூர்மை போகும். பார்னாக் கணக்குப் போட்டது வேறு: சிறிய நெகடிவைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், போகாத இடத்துப் படத்தை என்ன செய்தும் பெரிதாக்க முடியாது. பின் பாதி நான் சேர்த்துக்கொண்டது. அவர் இப்படிச் சொல்லவில்லை, செய்தார்.

அடுத்த முப்பது வருஷங்களில் இந்தப் பொம்மையால் நடந்ததுதான் நாம் புகைப்படம் என்று இன்று நினைப்பதில் பெரும்பகுதி. கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1932-ல் லைக்காவை எடுத்தார். பளபளக்கிற பாகங்களின்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றோடு காலம் தள்ளினார். அந்த லென்ஸ் தூரத்தைக் கிட்டக் கொண்டுவராது, கிட்டத்தைத் தள்ளிவைக்கவும் செய்யாது. அகலத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் கால்தான். ராபர்ட் காபா, படம் சரியாக வரவில்லையென்றால் போதுமான அளவுக்குக் கிட்டப் போகவில்லை என்று அர்த்தம் என்ற கருத்துக்குப் பேர்போனவர். 1954 மே மாதம் இந்தோசீனாவில் ராணுவத்தோடு போய்க்கொண்டிருந்தபோது படம் எடுப்பதற்காகச் சாலையைவிட்டு விலகி முன்னால் போனவர் கண்ணிவெடியை மிதித்து இறந்தார்.

பெரிய பெட்டிக்காரர்கள் கிட்டப் போகவில்லை என்று சொல்லமுடியாது. மார்கரெட் பர்க்-வைட் 1946-ல் காந்தியை ராட்டையோடு எடுக்கப் போனபோது, முதலில் நூற்கக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்றார்கள். கற்றுக்கொண்டார். மூன்று ஃப்ளாஷ் பல்புகளுக்கு அனுமதி. அந்த இரண்டு நிபந்தனைகளையும் நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எடுக்கிறவருக்கும் எடுக்கப்படுகிறவருக்கும் நடுவே எத்தனை அடி இருக்கவேண்டும் என்பதை எடுக்கப்படுகிறவர் தரப்பு தீர்மானித்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. 1948 ஜனவரி 30 இரவு, பிர்லா மாளிகை வாசலில் ஏறி நின்று நேரு சாவைச் சொல்கிறார். கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் கூட்டத்துக்குள் நின்று எடுத்த அந்தப் படத்தில் விளக்கு வெளிச்சம் தவிர வேறு வெளிச்சம் இல்லை. கூர்மை என்று பார்த்தால் தோல்வி. இன்றைய காமிரா எதுவானாலும் அதைவிடச் சுத்தமாக எடுத்துவிடும். ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவரின் நிலைகுலைவு அதில் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிச் சின்னக் காமிராவுக்கு ஒரு தார்மீக வேஷம் கட்டிவிடக்கூடாது. சின்னது கிட்டப் போக உதவுகிறது என்றால் ஒளிந்துகொள்ளவும் உதவுகிறது. 1916-லேயே பால் ஸ்ட்ராண்ட் நியூயார்க் தெருவில், பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பொய் லென்ஸைப் பொருத்தி, வேறெங்கோ பார்ப்பதாகக் காட்டிக்கொண்டு ஆட்களை எடுத்தார். அந்தத் தொகுப்பில் மிகவும் பெயர்பெற்ற படம், கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பார்வையற்ற பெண். அவள் விஷயத்தில் பொய் லென்ஸ் தேவைப்பட்டிருக்காது. வாக்கர் இவான்ஸ் 1938-லிருந்து 1941 வரை நியூயார்க் பாதாள ரயிலில், கோட்டுப் பொத்தான்களுக்கு நடுவே காண்டாக்ஸ் காமிராவின் லென்ஸை எட்டிப்பார்க்க விட்டு, சட்டைக்கைக்குள் ஓடிய கம்பியை அமுக்கி, எதிரே உட்கார்ந்திருந்தவர்களை எடுத்தார். தூங்குகிறவர்கள், வெறிக்கிறவர்கள், வேலைக்களைப்பில் வாய் தொங்கியவர்கள். அவை புத்தகமாக வந்தது 1966-ல். கால் நூற்றாண்டு கையில் வைத்திருந்தார். அவருக்குள் ஏதோ உறுத்தியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இருந்தாலும் இவான்ஸ் அதே பெட்டியில், அதே மங்கல் விளக்கின் கீழ், முட்டிக்கு முட்டி நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்தவர் நிமிர்ந்தால் இவர் முகம் தெரியும். அவர் மறைத்தது காமிராவை, தன்னை மறைத்துக்கொள்ளவில்லை.

தன்னையும் மறைத்துக்கொள்கிற வசதி ஜூமோடு வந்தது. சினிமாவுக்கு முப்பதுகளிலேயே ஜூம் லென்ஸ் உண்டு. வியன்னாவிலிருந்து நியூயார்க் போன ஃப்ராங்க் பாக் என்பவர் யுத்தம் முடிந்த கையோடு ஜூமார் என்ற பெயரில் செய்த லென்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேஸ்பால் மைதானத்தை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. ஸ்டில் காமிராவுக்கு 1959-ல் ஃபோக்ட்லாண்டர் வெளியிட்ட 36-82 மில்லிமீட்டர் ஜூமார்தான் முதல். 1963-ல் நிக்கான் ஒன்று கொண்டுவந்தது, 43-86. நேர்கோடுகளை வளைக்கிறது என்று வாங்கியவர்கள் எல்லாரும் வைதார்கள், எல்லாரும் வாங்கினார்கள். எழுபதுகளின் தமிழ் சினிமாவில் அதிர்ச்சி என்றால் முகத்தின்மேல் மூன்று தடவை ஜூம் என்று ஒரு இலக்கணமே உண்டாகிவிட்டதை நாம் அறிவோம். நடிகர் அதிர்ச்சியடையாத இடத்தில் லென்ஸ் அதிர்ச்சியடைந்தது.

இங்கே சத்யஜித் ராயின் சாருலதா (1964) நினைவுக்கு வருகிறது. தாகூரின் கதை, ராயின் படம். பெரிய வீட்டில் பொழுது போகாத மனைவி, நாடகக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னல் ஓடித் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். குடைபிடித்த ஒரு தடியர், பல்லக்குக்காரர்கள். பிறகு கணவன் புத்தகத்தில் தலையைப் புதைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் அவளைத் தாண்டிப் போகிறான், அவளைக் கவனிக்கவில்லை. கண்ணாடியைத் தூக்கி அவன் முதுகைப் பார்க்கிறாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்த மனிதனைத் தூரத்துக்கான கருவியால் பார்க்கிறாள். பிறகு கை தாழ்கிறது. ஜூம் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் எல்லாவற்றையும்விட இந்தக் காட்சி எனக்குச் சொல்லியது அதிகம்.

இனி நண்பரின் இரண்டு இயந்திரங்களுக்கு வருவோம். இவை இப்படியான உருவத்தில் வரக் காரணம் சிலிக்கன். கோடக்கில் ஸ்டீவன் ஸாஸன் 1975-ல் செய்த முதல் டிஜிட்டல் காமிராவின் படம் 100க்கு 100 புள்ளிகள், எடை 3.6 கிலோ, ஒரு படம் ஒலிநாடாவில் பதிய 23 விநாடி. அதிலிருந்து ஒளியை வாங்குகிற சிலிக்கன் தகடு, அதாவது சென்ஸார், வளர்ந்தது. ஃபிலிமைப் பெரிதாக வெட்டுவது சுலபம், சிலிக்கனைப் பெரிதாக வெட்டுவது கஷ்டம். தகட்டில் எங்காவது ஒரு பழுது இருக்கும். பெரிய துண்டாக வெட்டினால் பழுது விழுந்த துண்டுகளின் விகிதம் ஏறிக்கொண்டே போகும், விலையும் அப்படியே. எனவே ஆரம்பத்தில் எல்லாருமே சின்னத் துண்டுகளைப் போட்டார்கள். பழைய 35 மில்லிமீட்டர் லென்ஸ்களை வைத்திருந்தவர்களுக்கு அதன் ஓரங்கள் வெட்டுப்பட்டன. 2002-ல் காண்டாக்ஸும் கானனும் 24க்கு 36 அளவிலேயே சென்ஸார் வைத்த காமிராக்களைக் கொண்டுவந்தபோது, பழைய சட்டம் முழுதாகத் திரும்பக் கிடைத்ததால் அதற்கு ஃபுல் ஃப்ரேம் என்ற பெயர் நிலைத்தது. பொம்மை என்று சிரிக்கப்பட்ட அளவு எழுபத்தேழு வருஷங்களில் முழுமை ஆயிற்று. 2013-ல் ஸோனி, உள்ளிருந்த சாய்வுக் கண்ணாடியை எடுத்துவிட்டு ஆல்ஃபா 7 என்று ஒன்றை வெளியிட்டது. 2018-ல் நிக்கானும் கானனும் அதே வழிக்கு வந்தன.

மறுபக்கத்தில் சின்னச் சென்ஸாரைச் சின்னதாகவே வைத்துக்கொண்டு அதன் சௌகரியத்தைப் பார்த்தவர்கள். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போடவேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் போட்டுக்காட்டுவதில்லை. சாதாரண சூப்பர்ஜூமின் சென்ஸார் ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். ஃபுல் ஃப்ரேம் 864. முப்பது மடங்கு. சட்டம் சின்னதானால் அதே காட்சியை அதில் நிரப்பச் சின்ன லென்ஸ் போதும். இந்த ஜாதியின் உச்சம் 2018-ல் வந்த நிக்கான் பி1000. அதன் ஜூம் நிஜத்தில் 539 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்தக் குட்டிச் சட்டத்தின் புண்ணியத்தில் அது காட்டுவது, ஃபுல் ஃப்ரேமில் 3000 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டுகிற காட்சி. நிலவின் பள்ளங்கள் திரையை நிரப்பும். அதே எஃப் 8 திறப்போடு ஃபுல் ஃப்ரேமுக்கு 3000 மில்லிமீட்டர் லென்ஸ் செய்வதானால் அதன் வாய் 37 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவது போல.

இந்த வித்தைக்குக் கொடுக்கிற விலை இரண்டு. முதலாவது வெளிச்சம். ஒரே மழை, முற்றத்தில் ஒரு தாம்பாளமும் ஒரு சங்கும் வைத்திருக்கிறீர்கள். முப்பது மடங்கு குறைவான ஒளியிலிருந்து படம் ஆக்கவேண்டும். வெயிலில் வித்தியாசம் தெரியாது, மண்டபத்து இருட்டில் கல்லின் மேல் மணல் தூவியது போலத் தெரியும். இரண்டாவது கொஞ்சம் சூட்சுமம். ஒளி அலை என்பதால் எந்தத் துவாரத்தைத் தாண்டி வந்தாலும் விரியும். எஃப் 8-ல் ஒரு புள்ளி ஒளி சென்ஸாரின்மேல் சுமார் 10 மைக்ரான் அகல வட்டமாக விழுகிறது. அந்த சென்ஸாரின் ஒரு படப்புள்ளி 1.3 மைக்ரான். அதாவது லென்ஸ் கொண்டுவந்து தருகிற மிகச் சின்னப் புள்ளியே ஏழெட்டுப் படப்புள்ளிகள் அகலம். பெட்டியின்மேல் அச்சிட்ட ஒரு கோடியே அறுபது லட்சம் புள்ளிகளில் பெரும்பாலானவை ஒன்றையொன்று பார்த்து எழுதுகிற பரீட்சைப் பிள்ளைகள். மிச்சத்தை உள்ளே இருக்கிற கணிப்பு நிரல் கூர்தீட்டிக் கொடுக்கிறது. சுதையின் மூக்குத்தி கிடைக்கும். ஆனால் அதில் எவ்வளவு லென்ஸ் பார்த்தது, எவ்வளவு நிரல் சேர்த்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

சின்னது, பெரியது என்ற பேச்சே இப்போது தடுமாறுகிறது. பி1000 1.4 கிலோ. ஸோனியின் முதல் ஆல்ஃபா 7, பாட்டரியோடு, லென்ஸ் இல்லாமல், அரைக் கிலோவுக்கும் குறைவு. ஆனால் அதற்குத் தூரம் வேண்டுமென்று 600 மில்லிமீட்டர் எஃப் 4 லென்ஸ் ஒன்றைப் பூட்டினால் லென்ஸே மூன்று கிலோ, விலை ஒரு கார்.

எனக்குப் படுவது இது. பார்னாக்கின் பெட்டியில் இரண்டு குணங்கள் ஒன்றாக இருந்தன: அந்தச் சட்டம், அந்தச் சிறுமை. சிறுமை கிட்டப் போவதற்காக. இப்போது அது இரண்டாகப் பிளந்துவிட்டது. ஃபுல் ஃப்ரேம் அவருடைய சட்டத்தை எடுத்துக்கொண்டு, கூர்மை, சுத்தம் என்று அவரைப் பார்த்துச் சிரித்தவர்களின் தெய்வங்களை வழிபடுகிறது. சூப்பர்ஜூம் அவருடைய சிறுமையை எடுத்துக்கொண்டு, கிட்டப் போகவேண்டாம், நின்ற இடத்திலேயே நில் என்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்க முயன்றவர்கள் உண்டு. 2012-ல் ஸோனி ஆர்எக்ஸ்1, 2015-ல் லைக்கா க்யூ: முழுச் சட்டம், ஒரே லென்ஸ், கைக்கடக்கம். விலையைப் பார்த்தால் அவை நம்முடைய பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கிட்டப் போகிற வேலையை இதற்கிடையில் கைபேசி எடுத்துக்கொண்டுவிட்டது. ஜப்பானியக் காமிராத் தயாரிப்பாளர்கள் 2010-ல் உலகத்துக்கு அனுப்பியவை 12 கோடி டிஜிட்டல் காமிராக்கள். 2023-ல் 80 லட்சத்துக்கும் கீழே. அழிந்ததில் பெரும்பகுதி சட்டைப்பைக் காமிராக்கள். சூப்பர்ஜூம் பிழைத்துக்கிடப்பது கைபேசியால் எட்ட முடியாத ஒரே விஷயமான தூரத்தை நம்பி.

ஏன் எனக்கு ஒரு மாதம் ஆயிற்று என்று சொல்லவேண்டும். என்னிடமும் ஒரு சூப்பர்ஜூம் இருக்கிறது, நாற்பது மடங்கு. சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆடி அமாவாசையன்று காவிரிப் படித்துறை ஒன்றுக்குப் போயிருந்தேன். கூட்டம் குறைந்த நேரம். நான் நின்றது படித்துறையின் இந்தக் கோடி. அந்தக் கோடியில் ஒருவர் தனியாக, நடுத்தர வயது, முன்னால் இலையில் எள்ளும் பிண்டமும். புரோகிதர் அடுத்தவரிடம் போய்விட்டிருந்தார். ஜூமைத் திருகினேன். அவர் முகம் திரை முழுவதும் வந்தது. அழவில்லை. பிண்டத்தைக் கரைக்கவேண்டிய நேரத்தில் கரைக்காமல், கையை அதன்மேல் பொத்தி வைத்துக்கொண்டிருந்தார், குழந்தையின் தலையில் வைப்பதுபோல. எடுத்தேன். ஆறு படங்கள். நல்ல வெளிச்சம், அதனால் குறை சொல்ல எதுவுமில்லை.

நான் எடுத்தவற்றில் அதுதான் சிறந்தது. யாருக்கும் காட்டியதில்லை. அழிக்கவும் முடியவில்லை. நான்கடி தூரத்தில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் நிமிர்ந்து பார்த்திருப்பார், நான் காமிராவை இறக்கியிருப்பேன், படம் கிடைத்திருக்காது. அல்லது அவர் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்பதுபோல மறுபடி குனிந்திருப்பார், அப்போது கிடைக்கிற படம் வேறு. இரண்டில் எது நடந்திருந்தாலும் அதில் அவருக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும். இவான்ஸின் இருபத்தைந்து வருஷம் எனக்கு அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. லென்ஸைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. திருகியது என் கை. ஆனால் அந்தக் கையின் வேலையை அவ்வளவு சுலபமாக்கிய கருவியைச் சிபாரிசு செய்ய எனக்கு வாய் வரவில்லை.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. நீங்கள் எடுக்கப்போவது தூண்கள். தூண்களைத் தொட்டுப் பார்க்கிற தூரத்தில்தான் நீங்கள் இருபது வருஷமாக நின்றிருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது வெளிச்சம், தூரமல்ல என்றேன். யாரோ விற்ற பழைய ஃபுல் ஃப்ரேம் ஒன்றும் 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் வாங்கினார். வீட்டு ட்ரெவெல்யனிடம் விலையில் பாதியைத்தான் சொன்னதாகக் கேள்வி. முதல் மாதம் எடுத்து அனுப்பியவற்றில் ஒரு யாளித்தூண்: பக்கத்து ஊர்த் திருவிழாவுக்காக அதில் கட்டிய கயிறு பல தலைமுறைகளாக உராய்ந்து கல்லில் விழுந்த பள்ளம், அரையிருட்டில், அடிவரை தெரிகிறது. அதைப் பற்றி அவர் 1990களில் எழுதிய பக்கங்களைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன்.

போன வாரம் வந்தார். கோபுரத்து மேல்நிலைச் சுதைகளுக்கு மட்டும் ஒரு நாள் வேண்டும் என்று சொல்லி என் சூப்பர்ஜூமை வாங்கிப் போயிருக்கிறார். அட்டையை உருவிக்கொண்டுதான் கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை.